நாட்டு, ஒட்டு, குலாந்தரி: கோலார்த் தக்காளியும் மரபணு மாற்றுணவு குறித்த அச்சமும்

தமிழ்நாட்டுக் காய்கறிக் கடைகளில் தக்காளிக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. தோல் மெலிந்து, சாறும் புளிப்பும் மிகுந்து, இரண்டொரு நாளில் குழைந்துவிடுவது நாட்டுத் தக்காளி. சற்றே நீண்டு, தோல் தடித்து, லாரிப் பயணத்தைத் தாங்கி வருவது பெங்களூர்த் தக்காளி. பெயர் பெங்களூருடையது என்றாலும் விளைச்சலின் கணிசமான பகுதி அந்நகருக்குக் கிழக்கேயுள்ள கோலார், முல்பாகல், சீனிவாசபுரம் வட்டாரங்களுடையது. கோலார் வேளாண் விளைபொருள் சந்தை ஆசியாவின் பெருந்தக்காளிச் சந்தைகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. அம்மாவட்டத்திலேயே, கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையிலோ ஆண்டர்சன்பேட்டையிலோ கடைக்குப் போகும் தமிழ்க் குடும்பத்துக்குப் ‘பெங்களூர்’ என்ற அடைமொழி பொருளற்றது. அங்கே எதிரெதிராக நிற்கும் சொற்கள் ‘நாட்டு’, ‘ஹைப்ரிட்’ என்பவை.

கடந்த இருபது ஆண்டுகளில் இந்த ‘ஹைப்ரிட்’ என்ற சொல்லின்மீது புதியதோர் அச்சம் ஏறியிருக்கிறது. ஹைப்ரிட் என்றால் மரபணு மாற்றியது, ஆகவே உடலுக்கு ஆகாது, குழந்தைக்குக் கொடுக்கலாகாது. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தச் சமன்பாடு ஏறத்தாழ ஒரே வடிவில் வழங்குகிறது. உண்மை நிலை வேறு. இந்தியாவில் மரபணு மாற்றப்பட்ட தக்காளி எதுவும் இதுவரை விற்பனைக்கு அனுமதிக்கப்படவில்லை. வணிகச் சாகுபடிக்கு வந்த ஒரே மரபணு மாற்றுப் பயிர் பருத்தி. அது துணியாக மட்டுமன்றி எண்ணெயாகவும் வீட்டுக்குள் வந்தது. அதைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு. சொல் ஒரு வாசலில் காவல் நிற்கையில் பொருள் வேறொரு வாசல் வழியே நுழைந்தது எவ்வாறு என்பதைக் கோலார்ப் பகுதியை வைத்துப் பார்ப்பது தெளிவு தரும்.

முதலில் ‘நாட்டு’ என்ற சொல். தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. ஐரோப்பியர் வழியாக இங்கு வந்தது. ஆனால் ‘தக்காளி’ என்ற தமிழ்ச் சொல் அச்செடிக்கு முந்தியது. இங்கே இயல்பாக வளரும் சிறு கனிச் செடிகளை அச்சொல் குறித்தது. மணத்தக்காளி என்ற பெயரில் அந்தப் பழைய வழக்கு இன்றும் எஞ்சியிருக்கிறது. வந்தேறியான பெரிய கனிக்குச் ‘சீமைத் தக்காளி’ என்று பெயராயிற்று. பின்னர்ச் ‘சீமை’ உதிர்ந்தது. அது உதிர்ந்த பிறகே, அதே வந்தேறிக் கனியின் பழைய வகைக்கு ‘நாட்டு’ என்ற அடை சேர்ந்தது. நேற்றுச் சீமையாக இருந்ததே இன்று நாட்டு ஆகிறது. கோலார்க் கன்னடத்திலும் இதே நகர்வைக் காணலாம். சௌசௌ அங்கே ‘சீமே பதனே’, அதாவது சீமைக் கத்தரி. கலப்பினப் பசு ‘சீமே ஹசு’. உள்ளூர்க் கோழிக்கும் காய்க்கும் ‘நாட்டி’ என்று அடை சேர்ப்பார்கள். வட கர்நாடகத்தில் அதுவே ‘ஜவாரி’. ஒரு பொருள் எங்கிருந்து, எந்த முறையில் வந்தது என்பதைக் காட்டிலும் அது எவ்வளவு காலமாகப் பழகியது என்பதையே இந்த அடைகள் சொல்கின்றன.

ஹைப்ரிட் என்பது வேறொரு வரலாறு. ஒரே இனத்தைச் சேர்ந்த இரு பெற்றோர் வகைகளை மகரந்தம் சேர்த்துக் கலந்து பெறும் முதல் தலைமுறை விதையே அது. வேளாண் துறைத் தமிழில் ‘வீரிய ஒட்டு’. இதில் ஆய்வகத்தில் மரபணுவை வெட்டி ஒட்டும் வேலை எதுவும் இல்லை. ‘ஒட்டு’ என்ற சொல்தான் அப்படியொரு மயக்கத்தைத் தருகிறது போலும். ஒட்டு மாங்கன்றுக்கும் அதே சொல், வீரிய விதைக்கும் அதே சொல். பெங்களூரில் மன்மோகன் அத்தாவர் 1965இல் தொடங்கிய இந்தோ-அமெரிக்கன் ஹைப்ரிட் சீட்ஸ் நிறுவனம் 1970களில் தக்காளியிலும் குடைமிளகாயிலும் ஒட்டு விதைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பிற்காலத்தில் வெளியிட்ட அர்கா ரக்ஷக் என்னும் தக்காளி, இலைச்சுருட்டு வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்றையும் தாங்கும் ஒட்டு வகை. அதுவும் மகரந்தக் கலப்பின் விளைவே.

கோலாரின் பெருமையாகக் கருதப்படும் ராகியும் இதற்கு விலக்கன்று. மண்டியாவின் வி.சி. பண்ணையில் சி.எச். லட்சுமணய்யா இந்திய ராகியையும் ஆப்பிரிக்க ராகியையும் கலந்து ‘இன்டாஃப்’ வரிசை வகைகளை உருவாக்கினார். பெயரிலேயே இந்தியாவும் ஆப்பிரிக்காவும் இருக்கின்றன. அந்த ராகியில் கிண்டிய களியை எவரும் ‘ஹைப்ரிட்’ என்று ஒதுக்கியதில்லை. தன்மகரந்தச் சேர்க்கைப் பயிராதலால் உழவர் அதன் விதையை எடுத்து வைத்துக்கொள்ள முடிந்தது. கடையில் ஆண்டுதோறும் வாங்க வேண்டிய பொருளாக அது மாறவில்லை. ஹைப்ரிட் தக்காளி மீதுள்ள ஐயத்தில் ஒரு பகுதி சுவை பற்றியது, ஒரு பகுதி பூச்சிமருந்து பற்றியது, ஒரு பகுதி விதைக்குக் கடையை நம்பியிருக்கும் நிலை பற்றியது. மூன்றும் நியாயமான காரணங்கள். மரபணு மாற்றம் அவற்றுள் இல்லை.

எனினும் தக்காளியைச் சுற்றி இந்த அச்சம் எழுந்ததற்கு உலக வரலாற்றில் காரணம் உண்டு. குளிர்கடல் மீனொன்றின் மரபணுவைத் தக்காளியில் புகுத்தி உறைபனியைத் தாங்கச் செய்யும் முயற்சி 1991இல் அமெரிக்காவில் வயல் சோதனை வரை சென்றது. அது கடைக்கு வரவேயில்லை. ஆனால் ‘மீன் தக்காளி’ என்ற படிமம் உலகெங்கும் சுற்றியது. 1994இல் கால்ஜீன் நிறுவனத்தின் ஃப்ளேவர் சேவர் தக்காளி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விற்பனைக்கு வந்த முதல் மரபணு மாற்று முழு உணவு அதுவே. மெதுவாகக் குழையும்படி அமைக்கப்பட்ட அத்தக்காளி, 1997க்குள் சந்தையிலிருந்து மறைந்தது. ஆகவே மரபணு மாற்றம் என்றவுடன் தக்காளி நினைவுக்கு வருவது வெறும் கற்பனையன்று. அந்த நினைவு கோலாரின் தடித்த தோல் தக்காளியின்மீது வந்து படிந்ததுதான் பிழை.

இந்தியாவில் நடந்தது பருத்தியில். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண் பாக்டீரியாவின் மரபணுவைக் கொண்ட பி.டி. பருத்திக்கு 26.03.2002 அன்று மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு அனுமதி வழங்கியது. அனுமதிக்கு முன்பே கர்நாடகம் எதிர்ப்பின் களமாக இருந்தது. எம்.டி. நஞ்சுண்டசாமி தலைமையிலான கர்நாடக ராஜ்ய ரயத சங்கம் 1998 இறுதியில் ராய்ச்சூர்ப் பகுதியில் சோதனைப் பருத்தி வயல்களைப் பிடுங்கி எரித்தது. அப்போராட்டத்தின் மொழி முழுவதும் விதையுரிமை, பன்னாட்டு நிறுவனம், உழவர் கடன் என்பவற்றைச் சுற்றியது. பருத்திக்கொட்டையிலிருந்து எண்ணெய் பிழிகிறார்கள், அது சமையலுக்குப் போகிறது என்பது அதன் மையத்தில் இல்லை. பத்தாண்டுக்குள் நாட்டின் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் பி.டி. ஆயிற்று. அதன் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெய் குஜராத்தில் நேரடியாகவும், பிற இடங்களில் கலப்பு எண்ணெய், வனஸ்பதி, பொரித்த தின்பண்டம் ஆகியவற்றின் உள்ளேயும் உண்ணப்படுகிறது. புண்ணாக்கு கறவை மாட்டுக்குத் தீவனமாகிறது. பாலுக்குப் பேர்பெற்ற கோலார் மாவட்டத்துக்கு இது அயலான செய்தியன்று. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: மாட்டின் செரிமானத்தில் புரதமும் மரபணுவும் சிதைந்துவிடுகின்றன, தீவனத்தின் மாற்று மரபணு பாலில் காணப்பட்டதாக நம்பத்தக்க சான்று இல்லை.

தங்கவயலின் காலக்கோட்டில் இதை வைத்துப் பார்க்கலாம். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 28.02.2001 அன்று மூடப்பட்டது. பி.டி. பருத்தி அனுமதி பெற்றது அதன்பின் 13 மாதம் கழித்து. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத்தைத் தொடங்கியது முதல் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய தமிழ்த் தொழிலாளரின் பேரர்கள், விடியலில் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புபவர்களாக மாறினர். ஒரு நாளில் ஐந்தாறு மணிநேரம் பயணத்தில் கழிக்கும் குடும்பத்தில் சமையலுக்கான நேரம் சுருங்கும். ரயிலடியில் வாங்கும் போண்டாவும் பாக்கெட் தின்பண்டமும் கூடும். மரபணு மாற்று எண்ணெய் நுழையும் வழி அதுதான். வீட்டில் நாட்டுத் தக்காளியைத் தேடி வாங்கும் அதே கை, எதில் பொரித்தது என்று கேளாமல் பொட்டலத்தைப் பிரிக்கிறது. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. கேட்பதற்குரிய சொல்லே அந்தக் கைக்கு வழங்கப்படவில்லை.

சொல் வந்தது கத்தரிக்காயோடு. மஹாராஷ்டிரத்தின் ஜால்னாவைச் சேர்ந்த மஹிகோ நிறுவனத்தின் பி.டி. கத்தரிக்கு ஒப்புதல் குழு 14.10.2009 அன்று இசைவு தெரிவித்தது. காய்த்துளைப்பான் புழுவுக்குத் திரும்பத் திரும்ப மருந்தடிக்க வேண்டிய பயிர் கத்தரி. அத்தெளிப்பைக் குறைக்கலாம் என்பது ஆதரிப்போர் வாதம். அந்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தாமும் தெளிப்பு மருந்தை உண்கிறோம் என்பதை உணர்ந்ததனால்தான் சொத்தைக் கத்தரிக்காயே மேல் என்று சொல்லும் பாட்டிமார் இருந்தார்கள். மறுப்போர் வாதமும் வலுவுடையது. பாதுகாப்புச் சோதனைத் தரவுகள் பெரும்பாலும் நிறுவனமே தந்தவை. அவற்றை வெளியிடவே நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. கத்தரி இந்தியாவில் எண்ணற்ற உள்ளூர் வகைகளைக் கொண்ட பயிராதலால் மகரந்தம் பரவினால் திரும்பப் பெற வழியில்லை.

அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் பொதுக் கலந்தாய்வு நடத்தினார். கொல்கத்தாவில் 13.01.2010 அன்று தொடங்கிய அது, 06.02.2010 அன்று பெங்களூரில் முடிந்தது. ஏறத்தாழ 8,000 பேர் பங்கேற்றனர். கர்நாடகம் உள்ளிட்ட பல மாநில அரசுகள் அவசரம் வேண்டாம் என்றன. பெங்களூர்க் கூட்டம் முடிந்த மூன்றாம் நாள், 09.02.2010 அன்று, பி.டி. கத்தரி நிறுத்திவைக்கப்பட்டது. முற்றிய கத்தரிக்காய் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும் என்பது பழமொழி. இது வராத கத்தரிக்காய்.

அந்த மாதங்களில்தான் கன்னட நாளிதழ்களில் ‘குலாந்தரி’ என்ற சொல் பெருவழக்காயிற்று. குலம் விட்டுக் குலம் தாண்டியது என்பது அதன் உட்பொருள். தமிழில் ‘மரபணு மாற்றப்பட்ட’ என்பது செய்முறையைச் சொல்கிறது. தெலுங்கின் ‘ஜன்யுமார்ப்பிடி’யும் அப்படியே. கன்னடச் சொல் மட்டும் எல்லை மீறலைச் சொல்கிறது. அறிவியல் நோக்கில் அது துல்லியமானது: ஒட்டுக் கலப்பு ஒரே இனத்துக்குள் நிகழ்வது, மரபணுப் புகுத்தல் இனம் தாண்டி நிகழ்வது. ஹைப்ரிட்டையும் மரபணு மாற்றையும் பிரித்துக் காட்டும் ஆற்றல் இம்மூன்றனுள் குலாந்தரிக்கே உண்டு. ஆனால் குலம் தாண்டுதல் குற்றம் என்ற பழைய சமூகக் குரலும் அதற்குள் ஒலிக்கிறது. அயோத்திதாசர் தொடங்கிய ‘தமிழன்’ இதழை 1926 முதல் ஜி. அப்பாதுரையார் மீண்டும் நடத்திய ஊர் தங்கவயல்; பிறப்பால் வரும் தூய்மையை மறுத்த பௌத்த மரபு வேரூன்றிய இடம். அங்கே ஓர் உணவை மறுக்கக் குலத்தின் பெயரால் அமைந்த சொல்லை எடுத்தாள்வதிலுள்ள முரண் ஆராயத்தக்கது.

‘நாட்டு’ என்ற சொல்லும் அந்த விவாதத்தில் தோற்றது. இதுதான் பலர் அறியாத செய்தி. கோயம்புத்தூரின் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் தார்வாட் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகமும் அந்த மரபணுவைத் தங்கள் பகுதி வகைகளில் ஏற்றின. தமிழ்நாட்டில் கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாளூர் 1 ஆகியவை. கர்நாடகத்தில் மாலாப்பூர் உள்ளூர் வகை, மஞ்சரி கோட்டா, உடுப்பி குள்ளா முதலியவை. இவை ஹைப்ரிட்டுகள் அல்ல. விதையெடுத்து மறுபடி விதைக்கத்தக்கவை. அதாவது, நிறுத்தம் வராதிருந்தால், கடையில் ‘நாட்டுக் கத்தரி’ என்று கேட்டு வாங்கும் வீட்டுக்கு மரபணு மாற்றிய காயும், ‘ஹைப்ரிட்’ என்று ஒதுக்கப்பட்ட தட்டில் மரபணு மாற்றாத காயும் இருந்திருக்கும். உள்ளூர் வகைகளை உரிய இசைவின்றிப் பயன்படுத்தினர் என்று பெங்களூரைச் சேர்ந்த சுற்றுச்சூழல் ஆதரவுக் குழு 2010இல் புகார் எழுப்பியதும், சட்ட நடவடிக்கைக்குத் தேசியப் பல்லுயிர் ஆணையம் 2011இல் முடிவெடுத்ததும் இதன் தொடர்ச்சி.

அதே 2010 பிப்ரவரியில் இன்னொன்றும் நிகழ்ந்தது. மரபணுவை அடக்குவதன் மூலம் தக்காளியை ஏறத்தாழ 30 நாள் கூடுதலாகக் கெடாமல் வைக்கலாம் என்னும் ஆய்வைத் தில்லியின் தேசியத் தாவர மரபணுத்தொகை ஆய்வு நிறுவனத்தினர் வெளியிட்டனர். விலை வீழ்ந்த நாளில் கூடை கூடையாகச் சாலையோரம் கொட்டப்படும் கோலார்த் தக்காளிக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு இருக்க முடியாது. அது ஆய்வகத்தை விட்டு வெளிவரவில்லை. கத்தரி பெற்ற கூட்டங்களும் முழக்கங்களும் அதற்குக் கிடைக்கவுமில்லை.

தவிர்க்க விரும்பும் குடும்பம் இன்று செய்யக்கூடியது என்ன? விடை காய்கறித் தட்டில் இல்லை. கோலார்ச் சந்தையின் தக்காளி, முருங்கை, அவரை, பீன்ஸ், ராகி, அரிசி, துவரை எதிலும் அனுமதி பெற்ற மரபணு மாற்று வகை கிடையாது. விதையில்லாத் திராட்சையும் செந்நிறத் தைவான் பப்பாளியும் அவ்வகையைச் சேரா. ஆப்பிளின் ஒட்டுத்தாளில் 8இல் தொடங்கும் எண் இருந்தால் மரபணு மாற்றியது என்று சுற்றும் செய்தியும் பயனற்றது. அந்த எண்முறை சில்லறை விற்பனையில் நடைமுறைக்கு வந்ததேயில்லை. கத்தரியில் மட்டும் சிறு எச்சரிக்கை தேவை: 2019இல் ஹரியானாவின் ஃபதேஹாபாத்தில் அனுமதியற்ற பி.டி. கத்தரி வயலில் கண்டறியப்பட்டது.

பார்க்க வேண்டிய இடம் எண்ணெய்ப் புட்டியும் தின்பண்ட உறையும். பருத்தி விதை எண்ணெய் என்றிருந்தால் அது பெரும்பாலும் பி.டி. பருத்தியுடையது. சோயா எண்ணெயின் பெரும்பங்கு அர்ஜென்டினா, பிரேசில் நாடுகளின் மரபணு மாற்றுச் சோயாவிலிருந்து வருகிறது. அதன் இறக்குமதிக்கு 2007இல் இசைவு தரப்பட்டது. கனோலாவும் அத்தகையதே. கடலை, எள், தேங்காய், சூரியகாந்தி எண்ணெய்களுக்கு மரபணு மாற்று வகை சந்தையில் இல்லை. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் வாங்கும் தங்கவயல் வீடு, அறிந்தோ அறியாமலோ, இந்தக் கேள்வியைத் தீர்த்துவிட்டது. கலப்பு எண்ணெயில் எந்த எண்ணெய் எத்தனை விழுக்காடு என்பதை உறையில் தேடிப் படிக்கலாம். இறக்குமதியான சோளப் பாகு, சோயா லெசிதின் கலந்த இனிப்புகளிலும் அப்படியே. இயற்கை வேளாண் சான்று பெற்ற பொருளில் மரபணு மாற்றுக்கு இடமில்லை.

உறையை நம்புவதற்கும் வரம்பு உண்டு. மரபணு மாற்று உணவுப் பொதியின் முகப்பில் அதைக் குறிக்க வேண்டும் என்ற விதி 01.01.2013 முதல் நடப்பில் இருக்கிறது. எனினும் தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2018இல் சோதித்த 65 உணவுப் பொருள்களில் 21இல் மரபணு மாற்றின் தடயம் இருந்தது. பெரும்பாலானவற்றின் உறையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. உள்நாட்டுத் தயாரிப்பில் சிக்கியவை பருத்தி விதை எண்ணெய்கள். செம்மைப்படுத்திய எண்ணெயில் புரதமும் மரபணுவும் மிகச் சொற்பமே எஞ்சுவதால் கண்டறிவதும் கடினம், உடல்நலக் கேடு குறித்த வாதமும் அங்கே மிக மெலிந்தது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016இல் வெளியிட்ட விரிவான ஆய்வறிக்கை, அனுமதி பெற்ற மரபணு மாற்று உணவுகள் மற்றவற்றைவிடக் கூடுதல் கேடு தருவதாகச் சான்றில்லை என்றது. ஆகவே எண்ணெயைத் தவிர்ப்போரின் வலுவான காரணம் நச்சு அன்று. தம் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதை அறியும் உரிமை.

கோலாரில் உணவைப் பற்றி அஞ்ச வேறு காரணங்களும் கண்ணெதிரே நிற்கின்றன என்பதையும் மறக்கலாகாது. தங்கவயலின் சயனைடு மேடுகளிலிருந்து காற்றுக் காலத்தில் பறக்கும் தூள் வீட்டுக் கூரைமேல் படிகிறது. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கே.சி. பள்ளத்தாக்குத் திட்டத்தின்கீழ் கோலார் ஏரிகளை நிரப்புகிறது. தொடக்கத்திலேயே நுரை பொங்கியதும், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றதும் நடந்தவை. இவ்விரண்டைப் பற்றிய ஐயங்களுக்கு ‘நாட்டு’ என்ற சொல் எந்த விடையும் தராது. ஏரி நீரில் விளைந்த நாட்டுத் தக்காளியும் அந்த நீரில் விளைந்ததுதான்.

2025 மே மாதம் சொற்சிக்கல் புதிய கட்டத்தை அடைந்தது. மரபணுத் திருத்தம் செய்த இரு நெல் வகைகளை ஒன்றிய அரசு அறிவித்தது. அவற்றுள் கமலா என்பது சம்பா மசூரியின் திருத்தப்பட்ட வடிவம். அயல் மரபணு எதுவும் எஞ்சாத இத்தகைய பயிர்களுக்கு 2022இலேயே ஒழுங்குமுறை விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. குலம் தாண்டாததால் இது குலாந்தரி அன்று; கலப்பும் அன்று, ஆகவே ஒட்டும் அன்று. தமிழ் ஏடுகள் சில ‘திருத்தம்’ என்றும் சில ‘மாற்றம்’ என்றும் எழுதின. பி.பி.டி. என்று வழங்கும் அந்தச் சம்பா மசூரியின் முன்னோரில் தமிழ்நாட்டுக் கிச்சிலிச் சம்பாவிலிருந்து வந்த ஜி.இ.பி. 24, தைவானின் தைச்சுங், 1965இல் மலேசியாவில் வெளியான மசூரி ஆகிய மூன்றும் உண்டு. மசூரி என்பது லங்காவித் தீவின் கதையில் வரும் ஒரு பெண்ணின் பெயர். கோலார்ச் சந்தையில் அந்த அரிசி மூட்டையை எவரும் இன்றுவரை ‘ஹைப்ரிட்’ என்று சொன்னதில்லை.